ஆயிரம் ரூபாய்க்கு இடி

மட்டக்களப்பு நகரில் எந்தப் போன் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். தொண்டைமானின் படைக்கொட்டிலில் ஔவை கண்ட வேல்களைப் போல, ஒரு கீறலும் படாமல், கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகத் தொங்கும். சிவப்பும் கறுப்புமாக அட்டை, அதில் ஒரு மின்னல் கீற்று, நடுவில் கொட்டை எழுத்தில் ‘சுப்பர் பேஸ்’. ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினால் பொருளும் வரும், மிச்சமும் வரும். காதுக்குள் செருகும் இந்த ஹெட்செட்டை வாங்குவோர் பலர், அதன் பெருமைகளை எடுத்துச் சொல்வோர் எவருமில்லை. அவற்றை நான் சொல்கிறேன், மிகைப்படுத்தாமல், உள்ளதை உள்ளபடி.

சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பொருள் அது. பேஸ் என்று அட்டையில் போட்டிருக்கிறது, பேஸைத் தருகிறது. குரலைத் தருவேன் என்று எங்கும் போடவில்லை. புல்லாங்குழல், வயலின், சதங்கை பற்றியும் ஒரு சொல் இல்லை. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை’ என்று ஒரு வரி இருக்கும். அதிலும் பிழை சொல்ல முடியாது. மனிதக் காது கேட்கக்கூடிய எல்லை ஏறத்தாழ அதுதான். அந்த எல்லைக்குள் எது உரத்து வரும், எது முனகிக்கொண்டு வரும் என்பதை மட்டும் அந்த வரி சொல்வதில்லை. இத்தனை டெசிபல் ஏற்றத்தாழ்வுக்குள் என்று ஒரு குறிப்பும் சேர்ந்தால்தான் அந்த எண்களுக்குப் பொருள் வரும். சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் வாங்குபவர் கடை வாசலில் நின்று யோசிக்க வேண்டி வந்திருக்கும்; அந்தச் சிரமத்தையும் அட்டை நமக்குத் தரவில்லை.

கொடையிலும் அது குறை வைப்பதில்லை. பாட்டில் பேஸ் இருந்தால்தான் தருவேன் என்று கணக்குப் பார்க்காது. நாகசுரத்துக்கும் கொடுக்கும், பாங்கோசைக்கும் கொடுக்கும், செய்தி வாசிப்பவருக்கும் கொடுக்கும். படுவான்கரைக் கிராமங்களில், தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலையில் இருக்க, அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தத் தாய் வேலை முடித்து இரவில் வட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவை இந்த ஹெட்செட்டில் கேட்டுப் பாருங்கள். “மனே, சாப்பிட்டியா? சளி சுகமா?” ‘மனே’ கனத்து உருண்டு வரும். ‘சாப்பிட்டியா’வின் முதலெழுத்து தேய்ந்து ‘ஆப்பிட்டியா’ போல விழும். சளியும் சுகமும் ஒன்றுக்குள் ஒன்று கரையும். பெண் குரலின் அடிச்சுருதி 200 ஹேர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. சொல்லைச் சொல்லாக்கும் மெய்யெழுத்துக்களின் கூர்மையோ பெரும்பாலும் 2,000 ஹேர்ட்ஸுக்கு மேலே. கீழே இருப்பதை ஊட்டி வளர்த்து, மேலே இருப்பதைப் பட்டினி போடும் சாதனத்தில் குரலின் கனம் மிஞ்சும், சொல் மிஞ்சாது. விளங்கவில்லை என்று பிள்ளை மறுபடியும் போட்டுக் கேட்கும், அதற்குப் பிறகும் ஒருமுறை கேட்கும். ஒரு தாயின் குரலை இத்தனை தடவை கேட்க வைக்கும் சாதனம் வேறு எது?

கூத்துக்கு அது செய்யும் சேவையையும் சொல்லியாக வேண்டும். சீலாமுனையிலோ வந்தாறுமூலையிலோ களரி ஓரத்தில் நின்று போனில் பதிவுசெய்த ஒரு கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தளத்துக்கு இரண்டு முகம். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் இடக்கை தொப்பியில் விழும்போது நிலம் அதிர்வதுபோல் ஒரு கனம் எழும். வலக்கை விரல்கள் வலந்தலையில் விழும்போது சொற்கட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெறிக்கும். அதற்கு மேலே கைத்தாளம், அதற்கும் மேலே ஆட்டக்காரர் காலின் சதங்கை. ஹெட்செட்டைச் செருகியதும் இடக்கை மட்டும் நிற்கிறது. வலக்கை அடிப்பது தெரிகிறது, என்ன அடிக்கிறது என்பது தெரிவதில்லை. சதங்கை எங்கோ மணல் உரசும் சத்தமாகிவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் உழைத்த அண்ணாவியாரின் வலக்கைக்கு இப்படியொரு ஓய்வை இதுவரை யாரும் கொடுத்ததில்லை. கூத்தின் இரு மரபுகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் ஆட்டத்தில், தாளக்கட்டில், பாடும் முறையில் உள்ள வேறுபாடுகளைப் பேராசிரியர் மௌனகுரு போன்றோர் பல்லாண்டு உழைத்து எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வேறுபாடுகளை எல்லாம் நீக்கி இரண்டு மோடிகளையும் ஒன்றாக்கும் ஆற்றல் இந்தச் சிறு சாதனத்துக்கு உண்டு.

இந்த ஆற்றலுக்குப் பின்னால் பழைய விஞ்ஞானம் இருக்கிறது. கல்லடியில் வாவிக்குக் குறுக்கே மனிங் சீமாட்டி பாலம் எழுந்த அதே 1924ஆம் ஆண்டில், வெகல், லேன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் ஒலி இன்னோர் ஒலியை எப்படி மறைக்கிறது என்று அளந்து வெளியிட்டார்கள். உரத்த தாழ்சுருதி தனக்கு மேலே உள்ள சுருதிகளை மூடிவிடும். உயர்சுருதி தனக்குக் கீழே உள்ளதை அவ்வளவாக மூடாது. காரணம் உட்காதின் அமைப்பிலேயே இருக்கிறது. நத்தைச்சுருளில் உயர்சுருதிகளுக்கு இடம் வாசலருகே, தாழ்சுருதிகளுக்கு இடம் உள்ளே கடைசிச் சுற்றில். தாழ்ந்த ஒலி தன் இடத்துக்குப் போகும் வழியில், வாசலில் இருக்கும் நரம்பு முனைகளையும் அசைத்துக்கொண்டேதான் போகும். அது உரத்துப் போனால் வாசலில் நடப்பது மூளைக்கு எட்டாது. எனவே சுப்பர் பேஸ்காரர் குரலைக் குறைக்கக்கூட வேண்டியதில்லை. 100 ஹேர்ட்ஸிலிருந்து 250 ஹேர்ட்ஸ் வரை உள்ள பகுதியை ஊதிப் பெருக்கிவிட்டால் போதும், மிச்ச வேலையை நம் காதே முடித்துக் கொடுக்கும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய மறைப்பை வேறு வழியில் செய்ய முடியாது.

இதே வாவியில் ஒலியைக் கேட்ட முறையையும் இங்கே பார்க்க வேண்டும். 1848இல் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்து, நிலவு வெளிச்சத்தில் மீனவர்களோடு தோணியில் போய்ப் பாடும் மீனைக் கேட்டார். 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய நூலில் அதை விரிவாக எழுதினார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வரும் நாதம் போல என்றார். நீண்ட ஒரே சுருதியாக இல்லாமல், எண்ணற்ற சிறு ஒலிகள், ஒவ்வொன்றும் தெளிவாகத் தனித்து நின்றன என்றார். மிக மெல்லிய உயர்சுருதியும் மிகத் தாழ்ந்த அடிநாதமும் கலந்து வந்தன என்பதையும் குறித்தார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது அது இன்னும் பெருகியது. நம் மீனவர்கள் துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்பது இன்றும் பேசப்படும் வழக்கம். அந்தத் துடுப்பில் பேஸ் என்று எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அடியும் வந்தது, முடியும் வந்தது. பின்னாளில் யேசு சபைத் துறவி லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவு செய்தார். இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. அத்தகைய பதிவொன்றைச் சுப்பர் பேஸில் கேட்பவருக்கு டெனன்டின் குழப்பம் இராது. பல ஒலிகள் இல்லை, கலப்பு இல்லை. வாவி முழுவதும் ஒரே முழக்கமாகச் சுருங்கிவிடும்.

பேஸ் பிடிக்கும் என்பவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பறையையும் உடுக்கையும் மத்தளத்தையும் கேட்டு வளர்ந்த உடம்பு அடிநாதத்தைத் தேடுவது இயல்பு. வைகாசிக் குளிர்த்தியின்போது கண்ணகி அம்மன் கோயில் முற்றத்தில் நின்றவருக்கு அது தெரியும். அந்த அதிர்வை முதலில் உணர்வது நெஞ்செலும்பு, பிறகுதான் காது. என் கோபமெல்லாம் அந்த விருப்பத்தை வைத்து விற்பவர்கள்மேல்தான். பேஸ் விரும்புபவருக்கு இந்தச் சாதனம் தருவது பேஸின் ஆழம் அன்று. பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹேர்ட்ஸில் அதிர்கிறது. பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹேர்ட்ஸ். ஆழம் என்று சொல்வது அந்த இடத்தைத்தான். சுப்பர் பேஸின் வீக்கமோ அதற்கு ஒன்றிரண்டு ஸ்தாயி மேலே, ஆண்குரலும் பெண்குரலும் குடியிருக்கும் தெருவிலேயே நிற்கிறது. ஆழத்துக்குப் போகும் சிரமத்தைத் தவிர்த்து, ஆழத்துக்குப் போய்வந்த களைப்பை மட்டும் தருகிறது.

ஒலிச்சாதனங்கள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷோன் ஒலிவ் தலைமையில் நடந்த ஆய்வுகள் இந்த விருப்பத்தையே அளந்து பார்த்தன. கேட்போரில் 64 வீதத்தினர் ஓரளவு உயர்த்திய பேஸோடு கூடிய ஒரு சமநிலையை விரும்பினார்கள். 21 வீதத்தினர் அதைவிடக் குறைந்த பேஸை விரும்பினார்கள். இன்னும் வேண்டும் என்றவர்கள் 15 வீதம். அந்த 15 வீதத்தினரும் கூடுதலாகக் கேட்டது 3 முதல் 6 டெசிபல் வரைதான். கேட்டவனுக்குக் கேட்ட அளவு கொடுப்பது வியாபாரம். ஒருவரும் கேளாத அளவுக்கு அள்ளிக் கொட்டுவதற்கு வள்ளல் மனம் வேண்டும்.

ரப்பர் விஷயத்திலும் அந்த அட்டைக்கு ஒரு தனிக் கொள்கை. பல பெட்டிகளில் ஒரே அளவு ரப்பர்தான் வரும். பெரிய காதென்றும் சிறிய காதென்றும் அது பேதம் பார்ப்பதில்லை. காதுக்குள் செருகும் ஹெட்செட்டில் ஆழமான பேஸ் முழுக்க முழுக்க இந்த ரப்பரின் கையில் இருக்கிறது. ஹெட்செட்டுக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்ட சிறு காற்றைத்தான், உள்ளே ஒலியெழுப்பும் உறுப்பான டிரைவர் தள்ளி இழுக்கிறது. ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் முதலில் ஒழுகிப்போவது மிகத் தாழ்ந்த சுருதிகள்தான். மேலே உள்ளவை அப்படியே நிற்கும். எனவே பொருந்தாத ரப்பரோடு வரும் சுப்பர் பேஸ், தன் பெயரில் உள்ள பேஸின் அடிப்பகுதியை வாவிக்காற்றில் விட்டுவிட்டு, வீங்கிய நடுப்பகுதியை மட்டும் காதுக்குள் கொண்டு வந்து சேர்க்கும். சோதித்துப் பார்ப்பது எளிது. பாட்டு ஓடும்போது ஹெட்செட்டை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். பேஸ் திடீரென்று கூடினால் அதுவரை அடைப்புச் சரியாக இல்லை. ஹெட்செட்டை மாற்றுவதற்கு முன் ரப்பரை மாற்றிப் பார்க்க வேண்டும். சிறியது, நடுத்தரம், பெரியது மூன்றையும் இரண்டு காதிலும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இடக்காதின் அளவும் வலக்காதின் அளவும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நம்மூர் வெக்கையில் வியர்வைக்குச் சிலிக்கன் ரப்பர் வழுக்கினால், அழுத்திச் செருகும் நுரை ரப்பர் உதவும். சில நூறு ரூபாயில் முடியும் வேலை இது. இதைச் சொல்லிக் கொடுக்காத கடைக்காரரால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய சுப்பர் பேஸ் விற்க முடிகிறது.

கொழும்புப் பஸ்ஸில் அதன் புகழ் உச்சிக்குப் போகிறது. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல், இரவு முழுக்கப் பயணம். பஸ் எஞ்சினின் உறுமலும் தாழ்சுருதியே. அதை வெல்ல பேஸ் ஏறுகிறது; ஏறிய பேஸுக்குள் குரல் மூழ்குகிறது; மூழ்கிய குரலைத் தேடிக் கை ஒலியளவைக் கூட்டுகிறது. கூட்டக்கூட பேஸும் ஏறுகிறது. பொலன்னறுவையில் பாதியளவில் இருந்தது ஹபரணையில் முழு அளவுக்குப் போய்விடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபலில் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 டெசிபலுக்கு ஏறினால் கிழமைக்கு 4 மணித்தியாலம்தான். ஒரு கிழமைக்கு உரிய காதுப் பங்கை ஒரே இரவில் செலவழித்து முடிக்க இந்த ஹெட்செட் வழி செய்கிறது. நத்தைச்சுருளில் ஒலியை வாங்கும் மயிர்க்கலங்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. ஒன்று செத்தால் மனிதரில் அது மறுபடி முளைப்பதில்லை. கம்பஸ் முதலாம் வருடத்திலேயே காதுக்குள் இரைச்சல் கேட்கிறது என்று சொல்லும் பிள்ளைகளை நான் அறிவேன். முதுமையில் வரவேண்டியதை இருபது வயதிலேயே கொண்டுவந்து சேர்க்கும் வேகத்தை எந்தச் சொல்லால் புகழ்வது என்று தெரியவில்லை.

அதே கண்ணாடிப் பெட்டியின் மூலையில் சாம்பல் நிறச் சிறு பெட்டியில் இன்னொன்று கிடக்கும். அதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. மின்னல் கீற்று இல்லை. கடையில் முதல்தடவை கேட்டால் சப்பென்று இருக்கும். “அண்ணன், இதில பேஸ் காணாது” என்று கடைத் தம்பியே சொல்லிவிடுவான். தெருவின் ஓட்டோ இரைச்சலுக்கு நடுவே, ஒலியளவைச் சமப்படுத்தாமல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் உரத்ததுதான் வெல்லும், இது தோற்கும். கஞ்சத்தனமும் உண்டு: பாட்டில் இல்லாத பேஸை ஒரு துளியும் தராது. இசையமைப்பாளர் வைத்த இடத்தில் மட்டும், வைத்த அளவுக்கு மட்டும் இறங்கும். மோசமாகச் சுருக்கிய எம்பி3 பாட்டைப் போட்டால் அதன் கரகரப்பை ஒளிக்கத் தெரியாது. பாடகி மூச்சு வாங்குவதைக்கூடக் காட்டிக்கொடுக்கும். தாயின் குரல் பதிவை ஒரே தடவையில் விளங்க வைத்துவிடும்; திரும்பக் கேட்க ஒரு காரணமும் விடாது. ஒலியளவைப் பாதிக்கு மேல் கூட்டவும் தூண்டாது.

மலிவு என்றால் தரம் இருக்காது என்ற பேச்சு இந்தத் துறையில் பழங்கதையாகிவிட்டது. 2019இல் வந்த சீனத்தின் புளொன் பிஎல்-03 முப்பது டொலருக்குள் கிடைத்தது. பேஸ் பக்கம் சாய்ந்தாலும் குரலை விழுங்காதது என்று பெயர் எடுத்தது. ஆனால் பெட்டியோடு வந்த ரப்பரை மாற்றிய பிறகுதான் அதன் பேஸ் தெரிந்தது என்று பலர் சொன்னார்கள். 2022இல் மூன்டிரொப் சூ, செவன்ஹேர்ட்ஸ் சல்நோட்ஸ் சீரோ இரண்டும் இருபது டொலரளவில் வந்து, பல மடங்கு விலையுள்ளவற்றோடு வைத்துப் பேசப்பட்டன. இவற்றில் கூடுதல் பேஸ் வேண்டுமென்றால் போனின் ஈக்வலைசரில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே மட்டும் நாலைந்து டெசிபல் உயர்த்திக்கொள்ளலாம். டிரைவர் நல்லதென்றால் அதைத் தாங்கும்; குரலும் அப்படியே நிற்கும். இவை ஆயிரம் ரூபாய்க்குள் வராது, உண்மைதான். வருடத்துக்கு நாலு சுப்பர் பேஸ் வாங்கும் காசைக் கூட்டிப் பார்த்தால் தூரம் அவ்வளவு இல்லை. இவற்றில் சிலவற்றுக்கு இன்னொரு குறையும் உண்டு. பிஎல்-03 போன்றவற்றின் வயரைக் கழற்றிப் புதிது போட்டுக்கொள்ளலாம் என்பதால், வயர் அறுந்தாலும் ஹெட்செட்டைத் தூக்கியெறிய முடியாது.

சுப்பர் பேஸிடம் அந்தத் தொல்லை இல்லை. பிளக்கின் கழுத்தில், வயர் மடங்கும் இடத்தில், உள்ளே மயிரிழைச் செம்பு ஒவ்வொன்றாக அறுகிறது. முதலில் ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்கும். பிறகு வயரை ஒரு கோணத்தில் பிடித்துக்கொண்டிருந்தால்தான் கேட்கும். பிறகு கேட்காது. தன்னை வாங்கியவரை நெடுங்காலம் பிடித்து வைக்காமல் விடுதலை கொடுக்கும் இந்தக் குணம்தான் அதன் குணங்களில் தலையாயது. இதை மட்டும் முழு மனதோடு வரவேற்கிறேன்.

உங்களுடையது அறுந்த கிழமையே கடைக்குப் போங்கள். பிடித்த பாட்டு, கூத்துப் பதிவு, வீட்டார் யாராவது அனுப்பிய குரல் பதிவு மூன்றும் போனில் இருக்கட்டும். தெருப்பக்கம் நிற்காமல் கடையின் உட்பக்கம் போய் நின்று, ஒலியைப் பாதிக்கு வைத்து, குரல் பதிவை முதலில் போடுங்கள். ‘சாப்பிட்டியா’வின் ‘சா’ கூராக விழுகிறதா என்று பாருங்கள். அடுத்து மத்தளத்தின் வலந்தலை. பேஸைக் கடைசியாகக் கேளுங்கள், விரலால் ஒருமுறை அழுத்தியும் பாருங்கள். கடைத் தம்பி பொறுமை இழந்தால் இழக்கட்டும்.